ஏசியை அணைத்த பிறகும் ஸ்டெபிலைசர் ஏன் சுடுகிறது?

கேள்வி: ஐயா, ஏசியை அணைத்த பிறகும் எங்கள் ஸ்டெபிலைசர் இளஞ்சூடாகவே இருக்கிறது. கழற்றிப் பார்த்த மெக்கானிக், உள்ளே தகடு தகடாக இரும்பு அடுக்கியிருப்பதைக் காட்டினார். ஒரே கட்டியாக வைத்தால் வேலை சுலபம்தானே? இந்தச் சூட்டுக்கும் கரன்ட் செலவாகிறதா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: செலவாகிறதம்மா. நீங்கள் ரிமோட்டில் ஏசியை அணைக்கிறீர்கள். ஸ்டெபிலைசருக்கு வரும் மின்சாரம் நிற்பதில்லை. உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் கம்பிச் சுருளில் அது ஓடும்வரை, நடுவில் இருக்கும் இரும்பில் காந்தப்புலம் நொடிக்கு நூறு முறை திசை மாறும். இரும்பும் மின்சாரம் கடத்துவதால் அதற்குள்ளேயே வட்டவட்டமாக மின்னோட்டம் கிளம்பி, ஆற்றுச் சுழி போல அங்கேயே சுற்றிச் சூடாகத் தீர்ந்துபோகும். இதைச் சுழல் மின்னோட்டம் என்கிறோம். காந்தத்தின் நடுவே செம்புத் தட்டைச் சுற்றவிட்டால் சுற்றுவது கடினமாகிறது, தட்டும் சுடுகிறது என்று 1855-இல் பிரான்ஸில் ஃபூக்கோ என்ற விஞ்ஞானி காட்டினார். இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரம் சுடுவதும் இதனால்தான். அங்கே வேண்டியது, இங்கே நஷ்டம்.

கட்டி இரும்பாக இருந்தால் அந்தச் சுழி பெரிதாகச் சுற்றும். தகடுகளாக வெட்டி, மேலே மின்சாரம் தாண்டாத பூச்சு கொடுத்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் சின்னதாக முடங்கிவிடும். 0.5 மி.மீ. தகட்டுக்குப் பதில் 0.35 போட்டாலே இந்த இழப்பு ஏறக்குறைய பாதியாகும். இரும்பில் 3 சதவீதம் அளவுக்குச் சிலிக்கான் சேர்ப்பதும் இதற்காகத்தான். மின்தடை நான்கைந்து மடங்கு கூடிவிடுகிறது.

நான் முப்பது வருடம் காயில் சுற்றியவன். தொழில் பழகிய காலத்தில், நானே மாட்டிய ஒரு டிரான்ஸ்ஃபார்மர் லோடே இல்லாமல் கொதித்தது. சுருளைப் பிரித்து மறுபடி சுற்றினேன், அப்போதும் அப்படியே. அடுக்கை இறுக்கும் போல்ட்டுக்கு மேல் போட வேண்டிய காகிதக் குழலைப் போட மறந்திருந்தேன். பிரித்து வைத்த தகடுகளை அந்தப் போல்ட் மறுபடி ஒன்றாக இணைத்துவிட்டது! குழலைப் போட்டதும் சூடு அடங்கியது. தகட்டு ஓரத்தில் பிசிறு இருந்தாலும் இதே கதைதான். அதனால் இன்றும் ஒவ்வொரு தகட்டின் ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் அடுக்குகிறேன்.

தகடு போட்டாலும் இழப்பு முழுவதும் போகாது. இரும்பைத் திருப்பித் திருப்பிக் காந்தமாக்குவதற்கே கொஞ்சம் ஆற்றல் வேண்டும். அதுவும் சூடாகத்தான் வரும்.

சரி, உங்கள் பில்லுக்கு வருவோம். சும்மா இருக்கும்போது 10 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், அறுபது நாளில் 14.4 யூனிட். ஏசி ஓடாத மாதங்களில் அந்த இணைப்பின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். இளஞ்சூடு இயல்புதான். பெட்டியின் மேல் கை வைக்க முடியாமல் சுட்டாலோ, வார்னிஷ் கருகும் வாடை வந்தாலோ உடனே அணைத்துவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். அந்தப் போல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.