மூன்று வேட்பாளர்களும் ஒரு கால்வாயும்

வணக்கம் ஐயா,

காட்பாடி பக்கம், கழிஞ்சூரில் இருக்கிறோம். கடன் வாங்கி வீடு கட்டிக் குடிவந்து ஏழு வருடம் ஆகிறது. மாநகராட்சித் தேர்தல் தேதி இன்னும் வரவில்லை. ஆனால் எங்கள் தெருவில் மூன்று பேர் இப்போதே கும்பிடு போட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர், "வேலூர் வளரணும், அடுக்குமாடி வரணும், மேம்பாலம் கொண்டு வருவேன்" என்கிறார். இன்னொருவர், "இனி ஒரு வீடுகூட வேண்டாம், ஏரியைக் காப்பாத்தணும், ரூம் கட்டி வாடகைக்கு விடறவங்களாலதான் ஊர் கெட்டுது" என்கிறார். மூன்றாமவர், "எல்லாருக்கும் பட்டா, எல்லாத் தெருவுக்கும் சிமென்ட் ரோடு" என்கிறார். கேட்கும்போது மூன்றுமே நியாயமாகத்தான் தெரிகிறது. "யார் வந்தாலும் ஒண்ணுதான், விடு" என்கிறார் என் கணவர். எனக்கு அப்படி விட மனசில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கழிஞ்சூர் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் விடாததே சரி. எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தலில் நம் ஓட்டு லட்சத்தில் ஒன்று. வார்டில் நூறு இருநூறு ஓட்டில் ஜெயிக்கிறவர்கள் உண்டு. தெருவில் பார்த்து, நிறுத்தி, கேள்வி கேட்கக்கூடிய ஒரே தேர்தல் இதுதான்.

முதலில் எங்கள் வீட்டு வாசற்படியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சத்துவாச்சாரியில் அப்பா கட்டிய வீடு. கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் உள்ளே வர வேண்டும். நடுப்படியில் அம்மா பூ கட்டுவாள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுரோடு போட்டார்கள், ஒரு படி போனது. அடுத்த தடவை இன்னொன்று. பிறகு சிமென்ட் ரோடு வந்தது. இன்று தெருவிலிருந்து ஒரு படி இறங்கித்தான் எங்கள் வீட்டுக்குள் வர முடியும். 2021 நவம்பர் மழையில் வாசல் வழியாகத் தண்ணீர் வரும் என்று மணல் மூட்டை அடுக்கிவைத்துக் காத்திருந்தோம். அது குளியலறை ஜாலி வழியாகக் கொப்பளித்துக்கொண்டு வந்தது. தெருச் சாக்கடை எங்கள் தரையைவிட உயரத்தில் இருந்தது, அவ்வளவுதான் காரணம். அரிசி டின்னைக் கட்டில் மேல் ஏற்றிவைத்துவிட்டு, இருட்டில் அம்மா அதன் பக்கத்திலேயே காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரோடு போடும்போது பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும், வீடுகள் பள்ளமாகிவிடக் கூடாது என்று அதே 2021-ல், அந்த மழைக்குச் சில மாதம் முன்புதான், தலைமைச் செயலாளரே உத்தரவிட்டிருந்தார். உத்தரவு இருந்தால் மட்டும் போதாது. ஜல்லி கொட்டுகிற அன்று பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். 2022-ல் நம் வேலூரிலேயே, தெருவில் நின்ற பைக்கை நகர்த்தாமல் அதன் சக்கரம் புதைய சிமென்ட் போட்ட படத்தை ஊரே பார்த்தது. அன்றிரவு அங்கே நின்றிருக்க வேண்டியவர் யார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதனால் உங்கள் மூன்றாமவர் சிமென்ட் ரோடு என்று சொன்னால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். எத்தனை அங்குலம் சுரண்டுவீர்கள், வடிகால் மட்டம் என்ன, அது எங்கே போய் முடிகிறது என்று கேளுங்கள். பட்டா விஷயம் வேறு. அது வருவாய்த் துறை கொடுப்பது. கவுன்சிலர் மனு எழுதித் தரலாம், தாசில்தார் அலுவலகத்துக்குக் கூட வரலாம். பட்டா தருகிறேன் என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. அதிலும் ஏரி, வாய்க்கால் என்று பதிவான இடமாக இருந்தால், 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் குறுக்கே நிற்கும். அதைத் தெரிந்துகொண்டே ஏழைகளிடம் ஆசை காட்டுகிறவர்மேல் எனக்குக் கோபம் வருகிறது. நாளைக்கு ஜேசிபி வந்து நிற்கும்போது அவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

இரண்டாமவர் சொல்வதில் பாதி எனக்கும் பிடித்திருக்கிறது. ஏரியைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் இனி வீடே வேண்டாம் என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 1900-ல் ஒரு சின்ன மருத்துவமனையாக ஆரம்பித்த சி.எம்.சி.க்கு இன்று கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். 1984-ல் தொடங்கிய வி.ஐ.டி. கல்வி நிறுவனத்தைச் சுற்றிக் காட்பாடியே மாறிவிட்டது. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற அம்மா, லாட்ஜில் வேலை செய்கிற பையன், குடியாத்தம் பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்த பெண், இவர்களெல்லாம் எங்கே தங்குவார்கள்? மேட்டில் வீடு கட்டவிடாமல் தடுத்தால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் அவர்கள் இன்னும் பள்ளத்துக்கு, இன்னும் ஏரிக்குப் பக்கத்தில் போவார்கள். ரூம் வாடகைக்கு விடுகிற குடும்பங்களைக் குற்றம் சொல்வது சுலபம். அந்த ரூம்களின் கழிவுநீர் எங்கே போகிறது என்று சொல்வதுதான் கஷ்டம். அவர் அதைச் சொன்னாரா?

முதலாமவர் கேட்கிற வளர்ச்சி ஏற்கெனவே வந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பில் பழைய வேலூர் எல்லைக்குள் 1.85 லட்சம் பேர். சத்துவாச்சாரி, தாராபடவேடு, உங்கள் கழிஞ்சூர், அல்லாபுரம் எல்லாம் சேர்ந்ததில் 60 வார்டு, ஏறக்குறைய 5 லட்சம் பேர். தனித்தனி நகராட்சியாகவும் பேரூராட்சியாகவும் இருந்தபோது ஒவ்வொரு ஊரும் தன் எல்லை வரைக்கும்தான் கால்வாய் வெட்டியது. அதற்கப்பால் அடுத்த ஊர்க்காரன் தலைவலி. எல்லைகளை ஒன்றாக்கினார்கள், கால்வாய்களை ஒன்றாக்கவில்லை. மேம்பாலம் என்றால் நெடுஞ்சாலைத் துறை, ரயில்வே, மாநில அரசு என்று பலரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். கவுன்சிலர் நினைத்து நடக்கிற காரியமில்லை. அவர் கையில் உண்மையில் இருப்பது மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை, குடிநீர்க் குழாய், பூங்கா. இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைப்பவர் வேறு பதவிக்குப் போட்டியிடட்டும்.

எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, மூவரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். ஏரி நிரம்பிக் கோடி போனால், அதாவது உபரிநீர் வழிந்தால், அந்தத் தண்ணீர் எந்தெந்த சர்வே எண் வழியாகப் பாலாற்றுக்குப் போய்ச் சேர்கிறது? பெரியவர்களைக் கேட்டால் விரலை நீட்டிக் காட்டுவார்கள். சர்வே எண்ணுக்கான நில அளவைப் படமான புல வரைபடத்தில் வாய்க்கால் அகலத்தோடு இருக்கும். நேரில் போனால் காம்பவுண்டுச் சுவர், மாட்டுக்கொட்டகை, ஒரு கோயில், அப்புறம் ஒரு ஷெட். இதைத் தெரிந்து வைத்திருக்கிறவர்தான் வீடு கட்டலாமா, எங்கே கட்டலாம் என்று பேச முடியும். 2024 ஜூலை முதல், 2500 சதுர அடிக்குள் இருக்கிற மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட, உரிமையாளர் தானே சான்று கொடுத்து ஆன்லைனில் உடனே அனுமதி வாங்கிவிடலாம். சாதாரண ஜனங்களுக்கு இது பெரிய நிம்மதி, நான் வரவேற்கிறேன். ஆனால் அனுமதிக்கு முன்பு யாரும் வந்து இடத்தைப் பார்ப்பதில்லை. அந்த மனை மழைக்காலத்தில் என்ன ஆகும் என்று தெரிந்த ஒரு கண் வார்டில் இருந்தே ஆக வேண்டும்.

வரியையும் கேளுங்கள். 2022 பிப்ரவரி 19 அன்று ஓட்டுப் போட்டோம், ஏப்ரல் முதல் நாளே சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 விழுக்காடு, 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100. பிரச்சாரத்தில் எங்கள் தெருவுக்கு வந்த யாரும் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வீடுகள் கூடக்கூட வரியும் கூடுகிறது. உங்கள் நகரில் எத்தனை வீடு, வருடத்துக்கு எவ்வளவு வசூல், அதில் எவ்வளவு உங்கள் வார்டுக்குத் திரும்பியது என்ற கணக்கு வேட்பாளர் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். பெரிய மனைப்பிரிவு போட்டவர்கள் பூங்காவுக்கென்று 10 விழுக்காடு இடம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த இடம் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

தேர்தல் முடிந்தாலும் கேட்க வழி இருக்கிறது. கிராமசபை மாதிரி நகரத்துக்கும் பகுதி சபை வந்துவிட்டது. முதல் கூட்டம் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நடந்தது. எங்கள் பகுதியில் ஒரு கூட்டத்துக்குப் போனபோது நாற்காலிகள்தான் அதிகம் இருந்தன. நான் இரண்டு தெரு வடிகாலைப் பற்றி மட்டும் பேசினேன். குறித்துக்கொண்டார்கள். ஒன்று நடந்தது, இன்னொன்றுக்கு மறுபடி போக வேண்டும், போவேன். இந்த மூன்று பேரில் யார் அந்தக் கூட்டங்களில் உங்களோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஜெயித்த பிறகு வருவேன் என்பவரைவிட, ஜெயிக்காதபோதே வந்தவரை நான் நம்புவேன்.

சரி, ஒரு வேலை செய்யலாமா? ஐப்பசி மழை பிடிக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள், மூவரையும் ஏரிக் கோடிக்குக் கூப்பிடுங்கள். அங்கிருந்து பாலாறு வரை தண்ணீர் போகிற வழியிலேயே நடப்போம். உங்கள் கணவரையும் அழைத்து வாருங்கள். புல வரைபடத்தை நான் நகல் எடுத்து வருகிறேன். ஆறு மணிக்கு வந்தால் எட்டரைக்குள் முடித்துவிடலாம்.