முக நரம்பு வலிக்குக் காமா நைஃப்: ஏற்கெனவே ஸ்கேன் இருக்க, மறுபடி எம்.ஆர்.ஐ. எதற்கு?

கோத்தகிரியில் இருக்கும் அம்மாவை இன்னொரு ஸ்கேனுக்காகக் கோவைக்கு இறக்கணுமா, காசு பிடுங்குகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. முதல் ஸ்கேன், கட்டி மாதிரி வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க. இந்த இரண்டாவது ஸ்கேன், காமா நைஃபுக்கு, அதாவது கத்தி வைக்காமல் கதிர்வீச்சை நரம்பின்மேல் குவிக்கும் சிகிச்சைக்கு, குறி வைக்க.

வலி கிளம்பும் முக்கிளை நரம்பு (டிரைஜெமினல், முகத்தின் உணர்வு நரம்பு), மூளைத்தண்டை ஒட்டிய இடத்தில் சில மில்லிமீட்டர் தடிமன்தான். சாதாரண ஸ்கேனின் தடித்த அடுக்குகளுக்கு நடுவே அது நழுவிவிடும். இதில் அடுக்குகள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மூளைநீர் பளீரென்று வெள்ளையாக, அதன் நடுவே நரம்பு கருப்பு நூலாக ஓடுவது தெரியும். அதன்மேல் ரத்தக்குழாய் அழுத்துவதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். அழுத்தம் தெளிவாக இருந்து அம்மாவின் உடலும் தாங்கும் என்றால், அந்தக் குழாயை விலக்கும் ஆபரேஷன் பற்றியும் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

காமா நைஃபில் வழக்கமாக 70 முதல் 90 கிரே (கதிர்வீச்சின் அளவு) வரை, 4 மி.மீ. கற்றையாக, ஒரே தடவையில் நரம்பின்மேல் குவிக்கிறார்கள். மூளைத்தண்டு பக்கத்திலேயே இருக்கிறது. குறி சற்று நகர்ந்தாலும் கன்னம் மரத்துப்போகும் வாய்ப்பு கூடலாம். எம்.ஆர்.ஐ. படம் லேசாக நெளியக்கூடும் என்பதால் சி.டி.யையும் சேர்த்துப் பார்ப்பதுண்டு. பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நரம்பிழைகளின் போக்கைக் காட்டும் டி.டி.ஐ. படமும் உண்டு, பெரும்பாலும் ஆராய்ச்சி அளவில்தான், எடுக்கவில்லை என்றால் கவலை வேண்டாம்.

வலி அன்றே போகாது, வாரங்கள், சில மாதங்கள்கூட ஆகும். அதுவரை, இந்த நரம்பு வலிக்குக் கொடுக்கும் கார்பமாசெபைன் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மார்கழிக் குளிர்காற்றுக்கு மஃப்ளர் சுற்றும்போது, துணி கன்னத்தில் உரசாமல் தளர்வாகச் சுற்றுங்கள். அந்த உரசலே வலியைக் கிளப்பிவிடும்.