ஒரே ரகம், வேறு விலை ஏன்? சந்தை கேள்வி பதில்

கேள்வி: நானும் பக்கத்துக் காட்டுக்காரரும் ஒரே நாளில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நிலக்கடலை கொண்டுபோனோம். ஒரே ரகம், ஒரே பட்டம். அவருக்குக் குவிண்டாலுக்கு அறுநூறு ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது. ஆள் பார்த்து விலை போடுகிறார்களா?
— வாசகர், திண்டிவனம் அருகே

பதில்: மறைமுக ஏலத்தில், அதாவது வியாபாரிகள் விலையைச் சீட்டில் எழுதிப் போடும் ஏலத்தில், வியாபாரி பார்ப்பது குவியல் எண்ணையும் காயையும்தான். சீட்டில் விலை எழுதுவதற்கு முன் ஒரு கைப்பிடி காயை உடைத்துப் பார்ப்பார். பருப்பு எவ்வளவு தேறும், ஈரம் உண்டா, மண் எவ்வளவு என்று அதிலேயே கணக்குப் போட்டுவிடுவார். கலந்து கிடக்கும் குவியலில், அதில் உள்ள மோசமான காயை வைத்துத்தான் விலை எழுதுவார். பொக்கு, அதாவது பருப்பில்லாத காய், எவ்வளவு என்று தெரியாதபோது தனக்கு நஷ்டம் வராத விலையைத்தானே யாரும் போடுவார்கள்?

இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்து பாருங்கள். குவியலின் மேல், நடு, அடி மூன்றிலும் காய் எடுத்துக் கலந்து 200 கிராம் நிறுத்து, உடைத்து, பருப்பை மட்டும் எடை போடுங்கள். 140 கிராம் வந்தால் 70 சதவீதம், நல்ல காய். 120-க்குக் கீழே போனால் பொக்கும் முற்றாத காயும் அதிகம் என்று அர்த்தம். தூற்றிப் பொக்கைப் பிரித்து, சல்லடையில் மண்ணைப் போக்கி, உடைந்த காயைத் தனிக் குவியலாக வையுங்கள். இரண்டாந்தரக் குவியலுக்கும் விலை உண்டு. அதை முதல் தரத்தோடு கலந்தால்தான் இரண்டும் கெடும்.

அடுத்தது ஈரம். "காயவைத்தால் எடை குறையுமே" என்று பலர் அவசரப்படுகிறார்கள். எவ்வளவு குறையும் என்று கணக்குப் பார்க்கலாம். 12 சதவீத ஈரத்தில் 100 கிலோ காய், 8 சதவீதத்துக்கு வரும்போது ஏறக்குறைய 95.7 கிலோ இருக்கும். ஈரக்காய்க்கு 7,000 ரூபாய் என்றால், காய்ந்த காய்க்கு 7,320 ரூபாய் கிடைத்தாலே கணக்குச் சரியாகிவிடும். அதற்கு மேல் கிடைப்பது லாபம். 8 சதவீதத்துக்கும் கீழே காயவைப்பது வீண், அந்த எடைக்கு யாரும் காசு தரமாட்டார்கள். ஈரமானி கையில் இல்லாவிட்டால், காயைக் குலுக்கினால் பருப்பு சலசலக்க வேண்டும், பருப்பை விரலால் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். மாலையில் மூடிவைக்காவிட்டால் பகலில் காய்ந்தது இரவுப் பனியில் திரும்ப ஈரமாகும். பருப்பு உடையாமல் வர வேண்டும் என்று உடைக்கும் முன் காயில் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேர்வதற்கு அதுவே வழி.

சந்தைக் கட்டணத்தை வியாபாரிதான் செலுத்துவார், உங்கள் தொகையில் பிடிக்கக் கூடாது. விலை படியாத நாளில் விற்றே ஆக வேண்டும் என்பதும் இல்லை. விலையை மறுத்துவிட்டு, கூடத்தின் கிடங்கில் இருப்பு வைத்து, அந்தச் சரக்கின் பேரில் தரும் பொருளீட்டுக் கடன் கிடைக்குமா என்று கண்காணிப்பாளரிடம் கேட்கலாம்.

கேள்வி: கீரையும் கத்தரியும் அரை ஏக்கரில் இருக்கிறது. உழவர் சந்தை அட்டை வாங்குவது எப்படி? வாங்கினாலும் பத்து மணிக்கு மேல் பாதி மிஞ்சிவிடும் என்கிறார்களே?
— வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: 1999-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோதே விவசாயி மட்டும் விற்க வேண்டும் என்பதே விதி. அதனால்தான் அட்டை. அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமப் பதிவேடு) நகல், ஆதார், புகைப்படத்தோடு சந்தையின் நிர்வாக அலுவலரைப் பாருங்கள். வயலை நேரில் பார்த்தபின் அட்டை தருவார்கள். பயிர் மாறும்போது தகவல் கொடுங்கள். அட்டையில் இல்லாத காயை விற்றால் கேள்வி வரும். கடைக்கு வாடகை இல்லை, தராசும் அங்கேயே கிடைக்கும். விலை மொத்த விலையை விடக் கூடவும் சில்லறை விலையை விடக் குறைவாகவும் பலகையில் எழுதப்படும்.

மிஞ்சுவதற்குக் காரணம் பெரும்பாலும் அளவுதான். முதல் வாரம் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் கொண்டுபோய், எத்தனை மணிக்குத் தீர்கிறது என்று குறித்துவையுங்கள். ஒன்பது மணிக்குள் தீர்ந்தால் மறுநாள் பத்துக் கட்டு கூட்டுங்கள். மீதத்துக்குப் பக்கத்து உணவகம் ஒன்றை முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. ஏழு மணிக்கே போய்ப் பேசினால் விலை உங்கள் கையில், பதினொன்றுக்குப் போனால் அவர் கையில். கீரையை மாலையில் அறுத்து, வேர் மண்ணைக் கழுவி, நீர் வடித்து, ஈரச் சாக்கால் மூடி நிற்க வையுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் நடுக்கட்டு சூடேறி விடிவதற்குள் பழுத்துவிடும். கத்தரியைக் காம்போடு பறித்து, புழு துளைத்த சூத்தைக் காயை வயலிலேயே ஒதுக்குங்கள். தட்டில் ஒரு சூத்தை தெரிந்தாலும் வாங்க வருபவர் எல்லாக் காயையும் புரட்டத் தொடங்குவார்.

கேள்வி: கமிஷன் மண்டியில் தக்காளிக்கு நல்ல விலை சொன்னார்கள். கையில் வந்தது ரொம்பக் குறைவு. எங்கே போகிறது?
— வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: மண்டியில் தரும் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். உதாரணத்துக்கு 20 பெட்டி, பெட்டி 200 ரூபாய் என்றால் மொத்தம் 4,000. கமிஷன் பத்து சதவீதம் என்றால் 400 போகும். இறக்குகூலி பெட்டிக்கு 8 வீதம் 160, வண்டி வாடகை பெட்டிக்கு 20 வீதம் 400. மிச்சம் 3,040. பெட்டிக்கு 14 கிலோ என்றால் கிலோவுக்கு 10 ரூபாய் 86 காசு. பறிகூலியை இன்னும் கழிக்கவில்லை. வயலிலேயே கிலோ 11 ரூபாய்க்குக் கேட்பவரை, "மண்டியில் 14 போகிறது" என்று திருப்பி அனுப்புவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

நிறம் திரும்பும் காயையும் செங்கனியையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். கனி நசுங்கி ஒழுகினால் மொத்தப் பெட்டிக்கும் கழிவு பிடிப்பார்கள். அதே மண்டியில் முன்பணம் வாங்கியிருந்தால் வேறு மண்டிக்குச் சரக்கு அனுப்ப முடியாது. அந்த முன்பணத்தின் உண்மையான வட்டி அதுதான். பட்டியலில் வட்டி என்று எந்த வரியும் இருக்காது.

கேள்வி: சொந்தக் கடலையைச் செக்கில் ஆட்டிப் பாட்டிலில் விற்க உரிமம் வேண்டுமா?
— வாசகி, நாமக்கல்

பதில்: உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ வேண்டும். விளைந்த கடலையை அப்படியே விற்கும்வரை உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவையில்லை. எண்ணெயாக்கியதும் அது உணவுத் தொழில். பதிவு எண், நிகர அளவு, தயாரித்த தேதி, பயன்படுத்த ஏற்ற காலம், தொகுதி எண், முகவரி ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். ஆட்டிய எண்ணெயைத் தெளியவிட்டு வடிகட்டி, நன்றாகக் காய்ந்த பாட்டிலில் விளிம்புவரை நிரப்புங்கள். பாட்டிலில் ஈரமோ காற்றோ தங்கினால் எண்ணெய் சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும், வாங்கியவர் இரண்டாம் முறை வரமாட்டார்.