மரவள்ளியா, சர்க்கரைவள்ளியா? கேள்வி பதில்

ஆத்தூரிலிருந்து: அம்மா, வாரம் இரண்டு நாள் எங்கள் வீட்டில் குச்சிக்கிழங்குதான். சர்க்கரைவள்ளியில் சத்து அதிகம் என்கிறார்களே, மாற்றிவிடலாமா?

மாற்ற வேண்டாம், இரண்டுக்கும் வேலை வேறு. (குச்சிக்கிழங்கு, கப்பை, மரச்சீனி எல்லாம் மரவள்ளிக்கே ஊருக்கு ஊர் வழங்கும் பெயர்.) பச்சைக் கிழங்கு 100 கிராம் எடுத்தால் குச்சிக்கிழங்கில் சுமார் 160 கலோரி, சர்க்கரைவள்ளியில் 86. காட்டு வேலைக்குப் போகிறவருக்குச் சோற்றின் இடத்தில் குச்சிக்கிழங்கு நிற்கும். நார்ச்சத்தில் சர்க்கரைவள்ளி முந்தும். புரதம் இரண்டிலும் ஒன்றரை கிராம்தான். அதனால் கூடவே பருப்போ மீனோ வேண்டும். கேரளத்தில் கப்பைக்கு மீன்குழம்பு தொட்டுக்கொள்வது அந்தக் குறையை நன்றாக ஈடுகட்டுகிறது.

வைட்டமின் ஏ விஷயத்தில் தோல் நிறத்தை நம்பாதீர்கள். பொங்கலுக்கு நம் சந்தைக்கு வரும் சர்க்கரைவள்ளி பெரும்பாலும் வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை. அதில் அந்தச் சத்து மிகக் குறைவு. உள்ளே ஆரஞ்சு நிறமாக இருந்தால் 100 கிராமே ஒரு சிறு குழந்தையின் ஒருநாள் தேவையைத் தாண்டிவிடும். ஆப்பிரிக்காவில் அந்த ஆரஞ்சு ரகத்தைப் பரப்பியவர்களுக்கு 2016இல் உலக உணவுப் பரிசே கிடைத்தது.

நாகர்கோவிலிலிருந்து: மரச்சீனியைக் குக்கரில் வைக்கலாமா?

திறந்த பாத்திரம்தான் நல்லது. தோலோடு ஒட்டிய உள்பட்டையையும் சேர்த்து உரித்து, சிறு துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவையுங்கள். வெந்த தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிடுங்கள். கசந்தால் துப்பிவிடுங்கள். பச்சையாக ஒரு கடி கூட வேண்டாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து: மரவள்ளியோட இஞ்சி சேர்த்தால் நஞ்சு எண்டு எங்கட அம்மம்மா சொல்லுவா. உண்மையோ?

நஞ்சுக்கு மூலமான லினமாரின் கிழங்கிலேயே இருக்கிறது. கிழங்கை நறுக்கும்போதும் மெல்லும்போதும் அதே கிழங்கின் நொதி அதை உடைக்க, சயனைடு வெளிப்படுகிறது. இஞ்சி இல்லாமலே இது நடக்கும். அந்த நஞ்சு போகத்தான் மூடாமல் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டச் சொன்னேன்.

மீண்டும் யாழ்ப்பாணத்திலிருந்து: மரவள்ளி சாப்பிட்டு இஞ்சித் தேத்தண்ணி குடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போன ஆக்கள் இருக்கினம். அதுக்கு என்ன சொல்றியள்?

கோவையிலிருந்து: நானும் இதையே கேட்க வந்தேன். எங்கள் பாட்டியும் இப்படித்தான் சொல்வார். இத்தனை பேர் சொல்வது பொய்யாகுமா?

அவர்கள் நோய்ப்பட்டது பொய்யென்று நான் சொல்லவில்லை. அந்தக் கிழங்கு கசந்ததா, தண்ணீரை வடித்தார்களா என்று கேளுங்கள். என் கவலை இதுதான்: இஞ்சியை விலக்கிவிட்டோம் என்ற தைரியத்தில் கசப்புக் கிழங்கை அரைவேக்காடாகச் சாப்பிடுகிறார்கள். அம்மம்மாவின் எச்சரிக்கையில் பயம் சரி, அந்தப் பயத்தை இஞ்சியிடமிருந்து எடுத்து வடிதண்ணீர்மேல் வையுங்கள். சாப்பிட்டபின் தலை சுற்றி வாந்தி வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மதுரையிலிருந்து: சுகர் இருக்கிறது. எதைச் சாப்பிடலாம்?

சர்க்கரைவள்ளி, அளவாக, அவித்து. சுட்டால் மாவுச்சத்து இனிப்பாக மாறி, சர்க்கரை சீக்கிரம் ஏறும்.

திருச்சியிலிருந்து: சுகர்காரர்கள் கிழங்கு சாப்பிடலாமா?

மேலே மதுரைக்காரருக்குச் சொன்னதுதான். சோற்றைக் குறைத்துவிட்டுச் சாப்பிடுங்கள், சோற்றோடு கூட்டிச் சாப்பிடாதீர்கள்.

வேலூரிலிருந்து: சுகருக்கு மரவள்ளி அடை?

மூன்றாவது முறை கேட்கிறீர்கள். மேலே இருக்கிறது, படியுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: குழந்தைக்கு ஜவ்வரிசிக் கஞ்சி மட்டும் கொடுத்தால் போதுமா?

போதாது. ஜவ்வரிசி மரவள்ளியின் வெறும் மாவு, புரதம் இல்லையென்றே சொல்லலாம். பாலோ பாசிப்பருப்போ சேருங்கள்.

ராசிபுரத்திலிருந்து: எந்த ரகம் நடலாம்?

அது என் துறை இல்லை. ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள்.

சென்னையிலிருந்து: கடையில் நல்ல மரவள்ளியை எப்படிப் பார்த்து வாங்குவது?

நுனியை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே பால்வெள்ளையாக இருக்க வேண்டும். பட்டையை ஒட்டி நீலக்கோடு ஓடியிருந்தால் பிடுங்கி ஓரிரு நாளாவது ஆகியிருக்கும், வேண்டாம். வாங்கியதை அன்றே அவித்துவிடுங்கள், தண்ணீரை வடித்து.