ஸ்பிரிங் கம்பிரசர் என்றால் என்ன? அது இல்லாமல் காரின் சுருள் ஸ்பிரிங்கைக் கழற்ற முடியாதா?

மலேசியாவின் மைவி போன்ற சிறிய கார்களின் முன்பக்கத்தில், குலுக்கலைத் தணிக்கும் அப்சோர்பரும் சுருள் ஸ்பிரிங்கும் ஒன்றாகக் கோத்த ஒரே தூணாக இருக்கும். ஸ்பிரிங்கை நிமிர விடாமல் உச்சியில் ஒரு நட்டு பிடித்து வைத்திருக்கிறது. அதைக் கழற்றும்முன் ஸ்பிரிங்கை இன்னும் கொஞ்சம் அமுக்கிப் பிடிக்கும் கருவிதான் ஸ்பிரிங் கம்பிரசர். மரை போட்ட இரண்டு நீளக் கம்பிகள், சுருளைக் கவ்வும் கொக்கிகள், அவ்வளவுதான்.

ஏன் அமுக்க வேண்டும்? ஊருக்குப் போகும்போது பெட்டிமேல் ஒருவர் உட்கார்ந்து அமுக்க, இன்னொருவர் ஜிப் போடுவார் இல்லையா? அந்த ஜிப்தான் இந்த நட்டு. பெட்டி திறந்தால் துணிதான் பிதுங்கும். இங்கே 100 கிலோவுக்கும் மேற்பட்ட அழுத்தம் ஒரே நொடியில் விடுபட்டு, மேல்மூடியோடு முகத்துக்கு நேராகப் பாயும்.

கம்பிகளை ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, இரண்டையும் மாறி மாறிச் சில சுற்றுகளாக முறுக்க வேண்டும். ஒரு பக்கமே முறுக்கினால் ஸ்பிரிங் வளைந்து கொக்கி நழுவும். காற்றழுத்தத்தில் நட்டை முறுக்கும் துப்பாக்கி வேண்டாம், கைச் சாவியே போதும். ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து கையால் அசைக்க வந்த பிறகே மேல் நட்டைத் தொடலாம். என்னைக் கேட்டால், கொக்கி தேய்ந்த மலிவுக் கருவியை இரவல் வாங்குவதைவிட, தூணை மட்டும் கழற்றிக் கோலாலம்பூர் செந்தூல் பக்கம் ஏதாவது பட்டறையில் கொடுப்பது மேல்.

அப்புறம், ஜாக் வைத்துத் தூக்கிச் சக்கரம் தொங்கினால் ஸ்பிரிங்கும் தளர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். காரின் பாரம்தான் இறங்குகிறது, நட்டுக்குள் சிக்கிய அழுத்தம் அப்படியேதான் இருக்கும்.