ரூத்தின் கதையும் ஒரு கைப்பேசியும்

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட்டில் எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்தில் 12 பேர், படிவம் 1 முதல் 5 வரை. புலனத்தில் (வாட்ஸ்அப்) வேதாகமக் காணொளிகளை அனுப்பிப் பார்த்தோம்; திறந்து பார்த்தார்களா என்றே தெரியவில்லை. இப்போது வேதாகமத்தில் வரும் ரூத்தின் கதையை, கணவனை இழந்த மோவாபியப் பெண் மாமியார் நகோமியோடு பெத்லகேமுக்கு வந்து வயலில் கதிர் பொறுக்கும் கதையை, தாங்களே குறும்படமாக எடுக்கிறோம் என்கிறார்கள். வயலுக்குப் பதில் செம்பனைத் தோட்டம், வயலுக்குச் சொந்தக்காரரான போவாஸ் தோட்ட மேனேஜர். சரிவருமா?

ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள சகோதரி,

ரூத் நல்ல தேர்வு. நான்கே அதிகாரம், 85 வசனம், அதில் பாதிக்கு மேல் பேச்சு. ஆனால் படம் வேண்டாம், ஒலி நாடகமாகச் செய்யுங்கள். படம் என்றால் உடை, இடம், வெளிச்சம் என்று அலைவதிலேயே மாதங்கள் ஓடிவிடும். வேதத்தை ஒருமுறை புரட்டியதோடு சரி. ஒலி நாடகத்தில் பேசுகிறவள் எங்கே நிற்கிறாள், கையில் என்ன வைத்திருக்கிறாள் என்று தெரியாமல் ஒரு வரிகூடப் பேச வராது. அதற்காகவே பிள்ளைகள் வேத வசனத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பார்கள்.

செம்பனைக்கு மாற்றுவதும் வேண்டாம். தோட்டத்தில் உதிர்ந்த பழமும் தோட்டத்துச் சொத்துதான். பொறுக்குகிறவர் கூலிக்குப் பொறுக்குகிறார். ரூத் கூலியாள் அல்ல. வயலோரத்தைத் தீர அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் என்கிறது வேதத்தின் சட்ட நூலான லேவியராகமம், 19ஆம் அதிகாரம். அந்த உரிமையில்தான் அவள் வயலில் இறங்குகிறாள். மேனேஜர் இரக்கப்பட்டு வேலை கொடுத்தார் என்று எழுதினால் கதையே வேறாகிவிடும். பஞ்சத்தில் ஊர்விட்டுப் போன குடும்பம், அந்நியப் பெண்ணை ஒருவரும் தொடக்கூடாது என்று போவாஸ் வேலையாட்களுக்கு இடும் கட்டளை: இவை தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாமாகவே புரியும்.

அதிகாரத்துக்கு ஒரு பாகம், பாகத்துக்கு 5 நிமிடம். நிமிடத்துக்கு 100 சொல் என்று வைத்து எழுத்துப்படியை 500 சொல்லுக்குள் நிறுத்துங்கள். முதலில் ஆளுக்கொரு பாத்திரமாக அதிகாரத்தைச் சத்தமாக வாசிக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டுத் தங்கள் பேச்சில் நடித்துக் காட்டட்டும். அதைப் பதிவு செய்து, கேட்டு எழுதுங்கள். எழுதியதை வசனத்தோடு ஒப்பிட்டு, வேதத்தில் இல்லாததையெல்லாம் சிவப்பு மையால் கோடிடுங்கள். ஒவ்வொரு சிவப்புக் கோட்டையும் வைப்பதா எடுப்பதா என்று பிள்ளைகள் வாதாட வேண்டும். உண்மையான வேதபாடம் அங்கேதான் நடக்கும், அவசரப்படுத்தாதீர்கள். ரூத் இரவில் போவாஸின் காலருகே போய்ப் படுக்கும் மூன்றாம் அதிகாரத்துக் களத்து இரவைச் சங்கடப்பட்டு வெட்டிவிடாதீர்கள். அது இல்லாமல் நான்காம் அதிகாரம் விளங்காது.

பெரும்பாலும் கெடுப்பது கதைசொல்லியின் குரல். "ரூத் அழுதாள்" என்று அவர் சொன்னபின் ரூத் அழுவாள். காதில் கேட்பதைக் கதைசொல்லி சொல்லக்கூடாது.

பதிவுக்குச் சபை மண்டபம் ஆகாது, எதிரொலிக்கும். மெத்தையும் திரைச்சீலையும் உள்ள படுக்கையறை போதும். காற்றாடியை நிறுத்துங்கள், கைப்பேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள். தகரக் கூரை என்றால் மாலை மழைக்குமுன் முடித்துவிடுங்கள். வாய்க்கு ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் கைப்பேசி இருக்கட்டும். நேராகப் பிடித்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று அறையும். யாரும் பேசாமல் 10 விநாடி அறையின் அமைதியையும் பதிந்து வையுங்கள். ஒட்டும் இடங்களில் அதைப் போடாவிட்டால் வெட்டு காதில் துருத்தும்.

இரண்டாம் அதிகார முடிவில் ரூத் சுமந்து வருவது ஒரு எப்பா வாற்கோதுமை (பார்லி), ஏறக்குறைய 22 லிட்டர். நடிக்கும் பெண் 10 கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு பேசட்டும். மூச்சு தானாக வரும். போவாஸ் தானியம் அளந்து போடும் ஓசைக்கு மளிகைக் கடைப் பார்லியைத் துணியில் கொட்டுங்கள். பிளாஸ்டிக் பாத்திரத்தில் கொட்டினால் பிளாஸ்டிக்தான் கேட்கும்.

ஆடாசிட்டி இலவச மென்பொருள், தொகுக்க அது போதும். 64 கேபிபிஎஸ், மோனோ, எம்பி3 ஆக எடுத்தால் 5 நிமிடம் சுமார் 2.4 எம்பி. சினிமா மெட்டைப் பின்னணியில் போடாதீர்கள், உரிமைச் சிக்கல் வரும்.

இந்து வீட்டுப் பிள்ளைகள் குரல் கொடுக்க ஆசைப்பட்டால் முதலில் பெற்றோரிடம் நேரில் போய்க் கேளுங்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் மதத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோதான் தீர்மானிப்பார்கள் என்கிறது மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 12(4) பிரிவு. பல மதத்தினரும் இருக்கும் பள்ளி வகுப்புப் புலனக் குழுக்களில் பதிவைப் பகிர வேண்டாம் என்றும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் பாகத்தின் எழுத்துப்படி முடிந்ததும், சிவப்புக் கோடுகளை அழிக்காமல் எனக்கு அனுப்புங்கள். நகோமி மருமக்களைத் திரும்பிப் போகச் சொல்லும் இடத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.