இதயத்தில் புது ரத்தக்குழாய் முளைக்குமா? டாக்டரிடம் கேளுங்கள்

கீழக்கரையிலிருந்து: வாப்பாவுக்கு ரெண்டு தடவை ஸ்டென்ட் வச்சாச்சு. இனி பைபாஸும் செய்ய முடியாதுங்கிறாங்க. ஜீன் ஊசி போட்டா புதுக் குழாய் வளருமாமே?

யோசனை உண்மைதான் தங்கச்சி. ரத்தம் போதாத தசை, வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து பக்கத்துக் குழாய்களைக் கிளைவிட வைக்கும். அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் ஜீனையே (மரபணுவையே) தசைக்குள் செலுத்தினால் தசையே அதைத் தயாரித்துக்கொள்ளும் என்பதுதான் கணக்கு. அமெரிக்காவின் பாஸ்டனில் ஜெஃப்ரி ஐஸ்னர் என்ற இதய மருத்துவரின் குழு 1990களிலேயே முதலில் காலிலும் பிறகு இதயத்திலும் செய்து பார்த்தது. பலருக்கு நெஞ்சுவலி குறைந்தது. ஆனால் பின்னர் வந்த ஆய்வுகளில், மருந்தே இல்லாத ஊசி போட்டவர்களுக்கும் வலி குறைந்ததாம்! குழாய் வளர்க்கும் இன்னொரு புரதமான எஃப்.ஜி.எஃப்.-4இன் ஜீனை வைத்து நடந்த பெரிய ஆய்வுகளை, பலன் கிடைக்காது என்று பாதியிலேயே நிறுத்தினார்கள். ஜீனைச் சுமந்து போகும் வைரஸில் கொஞ்சம்தான் தசையில் தங்குகிறது. அதுவும் சில வாரங்களில் ஓய்ந்துவிடுகிறது. அதற்குள் முளைக்கும் நுண்குழாய்கள் நிலைப்பதில்லை. வாப்பாவுக்கு இன்று போடக்கூடிய ஊசியாக இது இன்னும் வரவில்லை. இதைச் சொல்ல எனக்கும் வருத்தமாக இருக்கிறது.

பாம்பன்: அப்பாவுக்குக் கடலுக்குள்ள அட்டாக் வந்து, கரை சேர அஞ்சு மணி நேரம் ஆயிருச்சு. இப்ப இதயம் ரத்தத்தைத் தள்ளுற பம்பிங் 30 சதவீதம்தான். செத்த தசைக்கு உயிர் வருமா சார்?

வராது தம்பி. பட்டுப்போன பனைக்குத் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். தழும்பான இடத்தில் துடிக்கத் தசையே இல்லை. ஆனால் ரத்தம் குறைந்ததால் வேலையைக் குறைத்துக்கொண்டு உயிரோடு கிடக்கும் தசையும் சிலருக்கு இருக்கும். அது எவ்வளவு என்று எம்.ஆர்.ஐ. காட்டும். அதைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரையை ஒருநாளும் விட வேண்டாம்; மாத்திரையிலேயே பம்பிங் கூடியவர்கள் உண்டு.

தங்கச்சிமடம்: ஒரு இடத்துல ஜீன் ஊசிக்கு 4 லட்சம் கேக்குறாங்க. நகையை அடகு வைக்கலாமா?

வைக்காதீங்கம்மா. ஆய்வில் இருக்கும் மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. ஸ்டென்ட், பைபாஸுக்கு முதலமைச்சர் காப்பீடு இருக்கிறது.

மண்டபம்: இந்த ஊசியால புத்துநோய் வருமா?

நியாயமான பயம். கட்டிகள் ரத்தம் இழுத்துக்கொள்வதும் இதே புரதத்தை வைத்துத்தான். அதனால்தான் புற்றுநோய் உள்ளவர்களை ஆய்வுகளில் சேர்ப்பதில்லை.

தொண்டி: அப்ப இந்த ஆராய்ச்சியைக் கைவிட்டுட்டாங்களா?

இல்லை. பின்லாந்தில் விடாமல் செய்கிறார்கள். பைபாஸ் அறுவையின்போதே வி.இ.ஜி.எஃப். எம்.ஆர்.என்.ஏ.வை (அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லி செல்லுக்குத் தரும் தற்காலிகக் குறிப்பை) தசையில் செலுத்தியும் பார்த்தாயிற்று. பெரிய தொல்லை வரவில்லை. ஆனால் போட்டுக்கொண்டவர்கள் மிகச் சிலரே.

ராமேஸ்வரம்: நெஞ்சுவலி வந்தா உடனே எங்க போறது?

வாயு என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். 108-ஐ அழையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருந்தால் நேரே அங்கே போங்கள். 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் அங்கேயே 14 மாத்திரைகள் கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.